நாலு சாட்சி, ஒரே வாய்: விமானத்தை ஏமாற்றும் போலி ஜி.பி.எஸ்.

ஈக்காட்டுத்தாங்கலில் எங்கள் மொட்டை மாடியில் சாயங்காலம் நின்றால், மீனம்பாக்கத்தில் இறங்கப்போகும் விமானங்கள் கிண்டிப் பக்கம் ஒவ்வொன்றாகத் தாழ்ந்து வருவது தெரியும். மேல் வீட்டு சார் தொலைபேசித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகள் டெல்லியில் வேலையில் இருக்கிறார். போன டிசம்பரில் ஒருநாள் பேப்பரை மடித்துக்கொண்டே கேட்டார்:

"தம்பி, டெல்லில பிளேனுக்கே போலி ஜி.பி.எஸ். காட்டிட்டானாமே? லிஸ்ட்ல மெட்ராஸ் பேரும் இருக்கு. இதுங்களும் ஏமாறுமா?"

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார். நம்ம போன் மேப் மாதிரியா பிளேன்? உள்ள பத்து சிஸ்டம் இருக்கும். ஒண்ணு போனா இன்னொண்ணு பார்த்துக்கும்" என்று சொல்லிவிட்டேன்.

ராத்திரி உட்கார்ந்து படிக்க ஆரம்பித்த பிறகுதான், நான் சொன்னதில் பாதி தப்பு என்று தெரிந்தது. பத்து சிஸ்டம் இருப்பது உண்மைதான். அந்தப் பத்தில் எத்தனை, தகவலைத் தனித்தனி இடத்திலிருந்து வாங்குகின்றன என்பதுதான் கேள்வி. அதைப் பற்றிச் சேர்த்து வைத்த குறிப்புகள்தான் இந்தப் பதிவு. நான் விமானி கிடையாது. பி.இ. முடித்து இருபது வருஷமாக மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். அந்தக் கண்ணோடுதான் இதைப் பார்க்கிறேன்.

வானத்திலிருந்து வரும் முணுமுணுப்பு

ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் தரையிலிருந்து சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. ஒவ்வொன்றிலும் அணுக் கடிகாரம் இருக்கு. ஒவ்வொன்றும் ஓயாமல் சொல்வது இரண்டே விஷயம்: "நான் இங்கே இருக்கேன், இப்ப மணி இத்தனை." இந்தச் செய்தி ஒளியின் வேகத்தில் நம்மிடம் வந்து சேர ஒரு விநாடியில் பதினைந்தில் ஒரு பங்கு நேரம் ஆகும். செய்தியில் இருக்கும் நேரத்துக்கும் அது வந்து சேர்ந்த நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கினால், அந்தச் செயற்கைக்கோள் எவ்வளவு தூரத்தில் இருக்கு என்று தெரியும். நான்கு செயற்கைக்கோள்களின் தூரம் கிடைத்தால் நாம் நிற்கும் இடமும் சரியான நேரமும் கிடைத்துவிடும். இடம் மூன்று எண்கள், நேரம் நான்காவது எண். அதனால்தான் நான்கு.

இதில் இரண்டு பலவீனங்கள் இருக்கு.

ஒன்று, சிக்னல் ரொம்ப மெலிசு. தரைக்கு வரும்போது அதன் பலம், ஒரு வாட்டை நூறு கோடி கோடி பங்காகப் பிரித்தால் வரும் ஒரு பங்கு. கருவி அதைக் காதால் கேட்பது மாதிரி கேட்பதில்லை. முன்கூட்டியே தெரிந்த ஒரு குறியீட்டு வரிசையை வைத்துக்கொண்டு, இரைச்சலுக்குள் துழாவித் தேடி எடுக்கிறது.

இரண்டு, அந்தக் குறியீட்டு வரிசை ரகசியம் கிடையாது. பொதுமக்கள் பயன்பாட்டுக்கான ஜி.பி.எஸ். சிக்னலின் அமைப்பு முழுக்க ஆவணமாக வெளியிடப்பட்டது. யார் வேண்டுமானாலும் படித்துக் கருவி செய்யலாம். அந்தத் திறந்த மனசுதான் ஜி.பி.எஸ்.ஸை உலகம் பூராவும் கொண்டுபோனது. ஆனால் "இதைச் சொன்னது நான்தான்" என்று நிரூபிக்கும் கையெழுத்து அந்தச் சிக்னலில் கிடையாது. கையெழுத்து இல்லாத செக்கை வங்கி வாங்கிக்கொள்வது மாதிரி.

ஜாமிங் வேறு, ஸ்பூஃபிங் வேறு

இந்த இரண்டையும் செய்திகளில் ஒன்றாகக் குழப்பிவிடுகிறார்கள்.

ஆடி மாசம் எங்கள் தெரு முனையில் கூம்பு ஸ்பீக்கர் கட்டிவிட்டால் வீட்டுக்குள் பேசுவது காதில் விழாது. அது ஜாமிங். அதே அலைவரிசையில் சத்தமாக இரைச்சல் போட்டால் ஜி.பி.எஸ். கருவிக்குச் செயற்கைக்கோள் கேட்காது. "இடம் தெரியவில்லை" என்று காட்டிவிடும். எரிச்சல்தான், ஆனால் கருவி பொய் சொல்லவில்லை.

ஸ்பூஃபிங் என்பது, போனில் உங்கள் அப்பா குரலிலேயே ஒருவன் பேசுவது. அசல் சிக்னல் மாதிரியே செய்யப்பட்ட போலி, அசலைவிடக் கொஞ்சம் பலமாக வருகிறது. கருவி போலியைப் பிடித்துக்கொண்டு, எந்தச் சந்தேகமும் இல்லாமல் தவறான இடத்தைக் காட்டுகிறது. எச்சரிக்கை விளக்கு எரியாமலே போகலாம்.

கத்திப்பாரா பாலத்துக்கு அடியில் கால்டாக்சி ஆப் நம்மை வேறு சாலையில் நிறுத்திக் காட்டுவது ஸ்பூஃபிங் இல்லை. பாலத்திலும் கட்டடத்திலும் பட்டு எதிரொலித்து வரும் சிக்னலால் வரும் குழப்பம் அது.

ஸ்பூஃபிங்கின் ஆபத்தை 2013-ல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் டாட் ஹம்ஃப்ரீஸ் குழு அழகாகக் காட்டியது. மத்தியதரைக் கடலில் 65 மீட்டர் நீளமுள்ள ஒரு சொகுசுக் கப்பலில், உரிமையாளர் அனுமதியோடு ஏறி, ஒரு பெட்டி அளவுக் கருவியால் கப்பலின் ஜி.பி.எஸ்.ஸைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினார்கள். திரையில் கப்பல் நேர்கோட்டில் போய்க்கொண்டிருந்தது, கடலில் வளைந்து போய்க்கொண்டிருந்தது. எந்த அலாரமும் அடிக்கவில்லை. திடீரென்று 50 கிலோமீட்டர் தள்ளிக் காட்டினால் யாரும் சந்தேகப்படுவார்கள். மெல்ல இழுத்தால்தான் ஆபத்து.

டெல்லியில் நடந்தது என்ன?

2025 நவம்பர் முதல் வாரத்தில் டெல்லி இந்திரா காந்தி விமான நிலையத்தை நெருங்கிய சில விமானங்களின் ஜி.பி.எஸ். தவறான இடத்தைக் காட்டியது. டிசம்பர் 1-ஆம் தேதி மாநிலங்களவையில் விமானப் போக்குவரத்து அமைச்சர் ராம் மோகன் நாயுடு இதை உறுதிப்படுத்தினார். 10-ஆம் எண் ஓடுதளத்தில் ஜி.பி.எஸ். வழியாக இறங்கும் முறையைப் பின்பற்றிய விமானங்கள்தான் பாதிக்கப்பட்டன. மற்ற ஓடுதள முனைகளில் வழக்கமான தரைக் கருவிகள் இருந்ததால் அங்கே பாதிப்பு இல்லை என்றார். கொல்கத்தா, அமிர்தசரஸ், மும்பை, ஹைதராபாத், பெங்களூரு, சென்னை விமான நிலையங்களிலும் செயற்கைக்கோள் வழிகாட்டலில் குறுக்கீடு பதிவாகியிருப்பதாகச் சொன்னார். மேல் வீட்டு சார் பார்த்த லிஸ்ட் இதுதான்.

அதே வாரம், நவம்பர் 7 அன்று, டெல்லியில் 800-க்கும் மேற்பட்ட விமானங்கள் தாமதமாயின. அது வேறு கதை. விமானத் திட்டங்களைக் கட்டுப்பாட்டு அறைகளுக்கு அனுப்பும் கணினி அமைப்பில் வந்த கோளாறு. வாட்ஸ்அப்பில் இரண்டையும் ஒட்டிவிட்டார்கள்.

எனக்கு முக்கியமாகப் பட்டது ஒரு சின்ன விவரம். அந்த ஓடுதளத்தில் ஐ.எல்.எஸ். என்கிற தரைக் கருவி, பனிக்காலத்துக்காக மேம்படுத்தும் வேலைக்காக அப்போது நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. அதனால்தான் ஜி.பி.எஸ்.ஸை நம்பி இறங்க வேண்டி வந்தது. போலி சிக்னல் அந்தச் சமயம் பார்த்து வந்தது. தரைக் கருவி ஓடிக்கொண்டிருந்த முனைகளில் அதே போலி சிக்னலால் இறங்குவதைத் தடுக்க முடியவில்லை.

டெல்லி முதல் இடமும் அல்ல. 2023 நவம்பர் முதல் 2025 பிப்ரவரி வரை எல்லைப் பகுதிகளில், பெரும்பாலும் அமிர்தசரஸ், ஜம்மு பக்கம், 465 சம்பவங்கள் பதிவானதாக அரசு நாடாளுமன்றத்தில் சொல்லியிருக்கிறது. இதில் பெரும்பகுதி பயணிகள் விமானத்தைக் குறிவைத்து நடப்பதில்லை. ட்ரோனையும் ஏவுகணையையும் குழப்ப ராணுவங்கள் அனுப்பும் சிக்னல், அந்த வழியாகப் போகிற பயணிகள் விமானத்தின் மேலும் படுகிறது. கருங்கடல், கிழக்கு மத்தியதரைக் கடல், ஈராக் – ஈரான் எல்லை எல்லாம் இப்படித்தான்.

விமானத்துக்குள் பொய் எப்படிப் பரவுகிறது?

இங்கேதான் நான் சாரிடம் சொன்னது தப்பாகிறது.

என் வேலையிலிருந்து ஒரு கதை. பல வருஷத்துக்கு முன்னால் நான் வேலை பார்த்த ஒரு இடத்தில் இருபது சர்வர்களின் கடிகாரங்கள் சரியாக ஓடுகின்றனவா என்று பார்க்க ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். இருபதையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டு, ஒன்று மட்டும் விலகினால் எச்சரிக்கும். ஒருநாள் பில்லிங் முழுக்கக் குழம்பிப்போனது. இருபது சர்வர்களுக்கும் நேரம் கொடுத்த ஒரே மூல சர்வர் பதினேழு நிமிஷம் தப்பாக ஓடியிருக்கிறது. இருபதும் ஒற்றுமையாகத் தப்பு. என் ஸ்கிரிப்ட் "எல்லாம் சரி" என்று பச்சை விளக்கு காட்டிக்கொண்டிருந்தது. நாலு பேர் ஒரே மாதிரி சொன்னால் நம்பலாம். ஆனால் அந்த நாலு பேருக்கும் சொன்னது ஒரே ஆள் என்றால்?

விமானத்திலும் இதேதான். ஜி.பி.எஸ். கருவிக்குள்ளேயே ஒரு சரிபார்ப்பு உண்டு. ஐந்து, ஆறு செயற்கைக்கோள்களை ஒப்பிட்டு, ஒன்று மட்டும் பொருந்தாமல் போனால் அதை ஒதுக்கிவிடும். ஒரு செயற்கைக்கோள் பழுதானால் இது பிரமாதமாக வேலை செய்யும். ஆனால் ஸ்பூஃபிங்கில் எல்லாச் செயற்கைக்கோள்களும் ஒரே போலிப் பெட்டியிலிருந்து, ஒன்றுக்கொன்று பொருந்துகிற மாதிரியே வருகின்றன. பச்சை விளக்கு எரியும்.

அடுத்து ஜி.பி.எஸ்.ஸை நம்பியிருக்கிற மற்றவை:

*ஐ.ஆர்.எஸ்.* லேசர் கைரோக்களும் முடுக்கமானிகளும் சேர்ந்த பெட்டி. கண்ணை மூடிக்கொண்டு, எத்தனை அடி எந்தப் பக்கம் வைத்தோம் என்று எண்ணிக்கொண்டே நடப்பது மாதிரி இடத்தைக் கணக்கிடும். வெளியிலிருந்து ஒரு சிக்னலும் வேண்டாம் என்பதால் இதை ஏமாற்ற முடியாது. ஆனால் மணிக்கு 2 கடல் மைல் வரை பிழை சேரலாம். அந்தப் பிழையைத் திருத்த ஜி.பி.எஸ்.ஸோடு கலந்து ஒரு கலவைக் கணக்கு பல விமானங்களில் போடப்படுகிறது. போலி வந்தால் அந்தக் கலவையும் கெடுகிறது. நல்ல பாலில் ஒரு சொட்டு மோர்.

*கடிகாரம்.* விமானத்தின் மின்னணுக் கடிகாரம் ஜி.பி.எஸ்.ஸிலிருந்தே நேரம் வாங்குகிறது. போலி சிக்னல் சில சமயம் நேரத்தையும் மாற்றுகிறது. ஒரு விமானத்தில் தேதி வருஷக்கணக்கில் தாவிப்போக, மறைகுறியாக்கத் தகவல்தொடர்பு செயலிழந்து அதைச் சரிசெய்யும் வரை பல வாரம் தரையில் நிறுத்த வேண்டியிருந்ததாக 2024-ல் பாதுகாப்பு ஆய்வாளர்கள் சொன்னார்கள்.

*தரை மோதல் எச்சரிக்கை.* எனக்கு ரொம்பக் கவலை தந்தது இதுதான். நல்ல நிலையில் இருக்கும் விமானத்தை, விமானி அறியாமலே மலையில் மோதவிடும் விபத்துகள் ஒரு காலத்தில் சாதாரணம். டான் பேட்மேன் என்ற பொறியாளர் வாழ்நாள் முழுக்க உழைத்து உருவாக்கிய எச்சரிக்கைக் கருவிதான் அதை வெகுவாகக் குறைத்தது. அதன் நவீன வடிவம், உலக நிலப்பரப்பின் வரைபடத்தை வைத்துக்கொண்டு, ஜி.பி.எஸ். சொல்லும் இடத்தோடு பொருத்திப் பார்த்து, "எதிரே மலை, மேலே ஏறு" என்று கத்தும். போலி சிக்னல் பட்ட விமானத்தில், நடுவானில் 35,000 அடியில் இந்தக் கருவி கத்த ஆரம்பிக்கிறது. விமானிகள் அதை அணைக்க வேண்டியிருக்கிறது. சில விமானங்களில் போலிப் பகுதியைத் தாண்டிப் பல மணி நேரம் ஆன பிறகும் ஜி.பி.எஸ். தெளிவதில்லை. அப்படியே போய், மலைகள் சூழ்ந்த ஒரு ஊரில் ராத்திரியில் இறங்க வேண்டியிருந்தால்? உண்மையான எச்சரிக்கை வந்தாலும் "இதுவும் பொய்தான்" என்று தோன்றும். புலி வருது கதைதான்.

ஆக, பத்து சிஸ்டத்தில் பலவற்றுக்குப் பின்னால் இருப்பது ஒரே ஆன்டெனா.

இது இன்று முளைத்த தந்திரமா?

இல்லை. 1940-ல் ஜெர்மன் குண்டுவீச்சு விமானங்கள் இரவில் இங்கிலாந்து நகரங்களைக் கண்டுபிடிக்க ரேடியோக் கற்றைகளைப் பயன்படுத்தின. கற்றையின் ஒரு பக்கம் போனால் புள்ளிச் சத்தம், மறுபக்கம் கோடுச் சத்தம், நடுவில் போனால் விடாத ஒரே சத்தம். ஆர்.வி. ஜோன்ஸ் என்ற 28 வயது இயற்பியலாளர் இதைக் கண்டுபிடித்துச் சொன்னார். பிரிட்டிஷ்காரர்கள் அந்தக் கற்றைக்குத் 'தலைவலி' என்று ரகசியப் பெயர் வைத்தார்கள். அதைக் குழப்ப அனுப்பிய போலி சிக்னலுக்கு 'ஆஸ்பிரின்'. எதிரியின் வழிகாட்டி ரேடியோவை வாங்கி அப்படியே வேறு இடத்திலிருந்து மறு ஒலிபரப்பு செய்யும் நிலையங்களும் இருந்தன. அதை நம்பிச் சில ஜெர்மன் விமானங்கள் இங்கிலாந்திலேயே இறங்கின.

ஜி.பி.எஸ். பொதுமக்களுக்குக் கிடைத்ததற்குப் பின்னாலும் ஒரு வழிதவறிய விமானம் இருக்கிறது. 1983 செப்டம்பர் 1 அன்று கொரிய விமானம் 007 பாதை விலகி சோவியத் வான்வெளிக்குள் போக, சுட்டு வீழ்த்தப்பட்டு 269 பேர் இறந்தார்கள். அடுத்த சில நாட்களில் அதிபர் ரீகன், ஜி.பி.எஸ். தயாரானதும் சிவில் விமானங்களுக்கு இலவசமாகக் கிடைக்கும் என்று அறிவித்தார். இனி ஒரு விமானம் இப்படி வழிதவறக் கூடாது என்பது நோக்கம். சரியாக நாற்பது வருஷம் கழித்து, 2023 செப்டம்பரில், ஈராக் மேலே ஒரு தனியார் ஜெட் போலி ஜி.பி.எஸ்.ஸால் குழம்பி, அனுமதி இல்லாமல் ஈரான் வான்வெளிக்குள் நுழையும் தறுவாய் வரை போனது. கட்டுப்பாட்டு அறையிடம் திசை கேட்டுத் திரும்பினார்கள்.

எப்படித் தடுப்பது?

ஒரே மருந்து கிடையாது. நாலைந்து அடுக்காக வைக்க வேண்டும்.

முதல் அடுக்கு ஆன்டெனா. அசல் செயற்கைக்கோள்கள் வானத்தில் பல திசைகளில் பரவியிருக்கும். போலி பெரும்பாலும் ஒரே திசையிலிருந்து, அதுவும் அடிவானத்துப் பக்கமிருந்து வரும். பல உறுப்புகள் கொண்ட ஆன்டெனா இருந்தால் திசையைக் கண்டுபிடித்து அந்தப் பக்கத்துக்கு மட்டும் காதைப் பொத்திக்கொள்ளலாம். ராணுவ விமானங்களில் இது உண்டு. பயணிகள் விமானத்தில் விலை, எடை, ஏற்றுமதிக் கட்டுப்பாடு எல்லாம் தடை.

இரண்டாவது கையெழுத்து. ஐரோப்பாவின் கலிலியோ செயற்கைக்கோள்கள் தங்கள் செய்தியில் மறைகுறியாக்கக் கையெழுத்து சேர்க்கின்றன. 2025 ஜூலையில் அந்தச் சேவை முறைப்படி தொடங்கியது. இட்டுக்கட்டிய செய்தியை இது பிடித்துவிடும். ஆனால் அசல் சிக்னலையே வாங்கிச் சற்றுத் தாமதமாகத் திருப்பி அனுப்பினால், கையெழுத்தும் சேர்ந்தே வரும். 1940-ல் செய்த அதே வேலை. தவிர, விமானத்தில் ஒரு கருவியை மாற்றிச் சான்றிதழ் வாங்கி எல்லாவற்றிலும் பொருத்த வருஷங்கள் ஆகும். நம்ம ஆப்பில் ராத்திரி அப்டேட் தள்ளுவது மாதிரி கிடையாது.

மூன்றாவது, ஜி.பி.எஸ்.ஸைத் தொடாத சாட்சிகள். இதுதான் இந்தப் பதிவின் மையம்.

வி.ஓ.ஆர். என்பது தரையில் இருக்கும் ஒரு ரேடியோக் கலங்கரை விளக்கம். எல்லாத் திசைக்கும் ஒரே நேரத்தில் ஒரு சைகை, சுற்றிச் சுழன்று வரும் ஒரு சைகை. இரண்டுக்கும் உள்ள இடைவெளியை வைத்து, அந்த நிலையத்திலிருந்து எந்தத் திசையில் இருக்கிறோம் என்று விமானம் கண்டுபிடிக்கும்.

டி.எம்.இ. தூரம் சொல்லும். இதன் வேலை முறை எனக்கு ரொம்பப் பிடித்தது. விமானம் ஒரு ஜோடித் துடிப்பை அனுப்பும். தரை நிலையம் சரியாக 50 மைக்ரோ விநாடி காத்திருந்து பதில் அனுப்பும். போய்வந்த நேரத்திலிருந்து தூரம். ஒரே நிலையத்தை நூறு விமானங்கள் கேட்டால், தன் பதில் எது என்று எப்படித் தெரியும்? ஒவ்வொரு விமானமும் தன் கேள்விகளை ஒழுங்கற்ற இடைவெளியில் கேட்கிறது. தன் தாளத்தோடு பொருந்தும் பதிலை மட்டும் எடுத்துக்கொள்கிறது. அந்தத் தாளம் முன்கூட்டியே யாருக்கும் தெரியாது என்பதால் போலி பதில் சொல்வது கொஞ்சம் கஷ்டம். இரண்டு, மூன்று டி.எம்.இ. கிடைத்தால் இடமே கிடைத்துவிடும்.

ஐ.எல்.எஸ். ஓடுதளத்துக்கு இறங்கும் பாதையை ரேடியோவால் வரைந்து காட்டும். இடது பக்கம் ஒரு தொனி, வலது பக்கம் ஒரு தொனி, இரண்டும் சமமாக இருந்தால் நடுக்கோடு. 1940-ன் கற்றையும் இதுவும் ஒரே குடும்பம்.

இவற்றையும் ஏமாற்ற முடியாதா? முடியும். 2019-ல் பாஸ்டனில் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆய்வகத்தில் ஐ.எல்.எஸ்.ஸையே ஏமாற்றிக் காட்டினார்கள். ஆனால் அதற்கு அந்த ஓடுதளத்துக்குப் பக்கத்திலேயே கருவியோடு இருக்க வேண்டும். ஒரு போலிப் பெட்டியால் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு எல்லாரையும் குழப்ப முடியாது. எல்லாச் சாட்சிகளையும் ஒரே நேரத்தில் விலைக்கு வாங்குவதுதான் கஷ்டம்.

நான்காவது, மனிதர்கள். ஆபத்தான பகுதிக்குள் போகும் முன்பே, வழிகாட்டும் கணினி ஜி.பி.எஸ்.ஸை எடுத்துக்கொள்ளாமல் நிறுத்திவிட்டு, ஐ.ஆர்.எஸ்., டி.எம்.இ. வைத்து ஓட்டச் சொல்கிறார்கள். கடிகாரத்தைச் சொந்தக் கணக்குக்கு மாற்றிக்கொள்கிறார்கள். கடிகாரம் தாவினால், காற்றின் வேகம் அபத்தமாகக் காட்டினால், இரண்டு கணக்குகள் ஒத்துப்போகாவிட்டால் சந்தேகம். அப்போது கட்டுப்பாட்டு அறையிடம் கேட்கலாம். ரேடார் விமானத்தின் தூரத்தையும் திசையையும் தானே அளக்கிறது. விமானம் தானாகச் சொல்லும் ஜி.பி.எஸ். இடத்தை அது நம்பியிருப்பதில்லை. நம் ஊரில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2023 நவம்பரில் இதுபற்றிய சுற்றறிக்கையும், 2025 நவம்பர் 10-ல் டெல்லிப் பகுதிக்கு உடனடியாகப் புகார் செய்யும் முறையையும் வெளியிட்டது. சம்பவம் நடந்து பத்து நிமிஷத்துக்குள் சொல்ல வேண்டும். புகார் வேகமாக வந்தால்தான், போலி சிக்னல் எங்கிருந்து கிளம்புகிறது என்று வயர்லெஸ் கண்காணிப்புத் துறையால் தேட முடியும்.

"நம்ம நாவிக் இருக்கே?"

இந்தக் கேள்வி கண்டிப்பாக வரும். நாவிக் நம் இஸ்ரோவின் சொந்த அமைப்பு, முதல் செயற்கைக்கோள் 2013-ல் போனது. வேறு நாடு சுவிட்சை அணைத்துவிடுமோ என்ற பயத்துக்கு அது பதில். ஆனால் இன்றைய பயணிகள் விமானக் கருவிகள் அதைப் பயன்படுத்துவதில்லை. பயன்படுத்தினாலும், அதுவும் வானத்திலிருந்து வரும் மெலிசான சிக்னல்தான்.

இஸ்ரோவும் விமான நிலைய ஆணையமும் சேர்ந்து செய்த ககன் வேறு. அது ஜி.பி.எஸ்.ஸின் சின்னப் பிழைகளைத் திருத்தித் துல்லியத்தைக் கூட்டும். 2022 ஏப்ரலில் ராஜஸ்தானின் கிஷன்கரில் ஒரு இண்டிகோ விமானம் ககன் துணையோடு இறங்கியது. ஐ.எல்.எஸ். வைக்க வசதியில்லாத சின்ன ஊர்களுக்கு இது வரப்பிரசாதம். ஆனால் ககன் திருத்துவது அசல் சிக்னலின் பிழையை. போலியிடமிருந்து காப்பாற்ற அது செய்யப்படவில்லை.

எதை அணைக்கலாம், எதை அணைக்கக் கூடாது

தரைக் கருவிகளுக்குச் செலவு அதிகம். நிலம், மின்சாரம், பராமரிப்பு, அவ்வப்போது விமானம் அனுப்பிச் சரிபார்க்க வேண்டும். ஜி.பி.எஸ். இலவசம். அதனால் பல நாடுகள் வி.ஓ.ஆர். நிலையங்களை மூடிக்கொண்டே வந்தன. அமெரிக்கா 896 நிலையங்களைச் சுமார் 590 ஆகக் குறைக்கத் திட்டமிட்டது. ஆனால் அவர்களும் பூஜ்யத்துக்குப் போகவில்லை. ஜி.பி.எஸ். மொத்தமாகப் போனாலும் விமானங்கள் எங்காவது பத்திரமாக இறங்க வேண்டிய குறைந்தபட்ச வலைப்பின்னல் என்று ஒரு கோடு போட்டு நிறுத்தினார்கள். இந்தியாவும் அப்படி ஒரு குறைந்தபட்சத் தரைக் கருவி வலைப்பின்னலை வைத்திருப்பதாக அமைச்சர் அதே பதிலில் சொன்னார். டெல்லியில் மற்ற முனைகள் தப்பித்தது அதனால்தான்.

கணக்குப் பிள்ளைகளுக்கு இந்த வலைப்பின்னல் எப்போதும் வீண் செலவாகத்தான் தெரியும். வருஷம் பூராவும் சும்மா இருக்கும். அது தேவைப்படும் வாரம் எது என்று முன்கூட்டித் தெரியாது. அடுத்த முறை ஒரு ஓடுதளத்தில் ஐ.எல்.எஸ்.ஸை நிறுத்தும்போது, "அந்த நாட்களில் இரண்டாவது சாட்சி யார்?" என்று யாராவது கேட்டே ஆக வேண்டும்.

நம்ம பரங்கிமலையில் 1802 ஏப்ரலில் லாம்டன் என்ற ராணுவ அதிகாரி, தெற்கே சுமார் ஏழரை மைல் நீளத்துக்கு இரும்புச் சங்கிலியால் ஒரு கோடு அளந்தார். இந்தியாவின் பெரும் நில அளவை அங்கிருந்து தொடங்குகிறது. அந்த ஒரு கோட்டிலிருந்து முக்கோணம் முக்கோணமாகக் கணக்குப் போட்டே பெங்களூரு வரை போனார். அங்கே போனதும் கணக்கை நம்பி நிற்கவில்லை. 1804-ல் இன்னொரு கோட்டைத் தரையில் புதிதாகச் சங்கிலி போட்டு அளந்து, கணக்கோடு ஒப்பிட்டார். சில அங்குலம்தான் வித்தியாசம். இன்று அதே மலையை ஒட்டித்தான் விமானங்கள் இறங்குகின்றன.

போன வாரம் மொட்டை மாடியில் சாரிடம் நான் சொன்ன பதிலைத் திருத்திச் சொன்னேன். "ஏமாறும் சார். ஆனா கீழ ஐ.எல்.எஸ். ஓடுற வரைக்கும் இறங்குறதுக்குப் பெரிய பிரச்சினை இல்ல. பொண்ணை பயப்படாம வரச் சொல்லுங்க." ஒரே மூலத்திலிருந்து தகவல் வாங்கும் பத்து சிஸ்டம் பற்றியும் சொன்னேன்.

அவர் சிரித்தார். "எங்க டிபார்ட்மெண்ட்லயும் இதேதான் தம்பி. ஒரு கேபிள் அறுந்தா இன்னொண்ணு இருக்கட்டும்னு ரெண்டு கேபிள் போடுவோம். பேப்பர்ல ரெண்டு ரூட்டு. பள்ளம் தோண்டிப் பார்த்தா ரெண்டும் ஒரே குழாய்க்குள்ள போகும். ஜே.சி.பி. ஒரு குத்து குத்துனா ரெண்டும் காலி."

இவ்வளவு நீளமாக நான் எழுதியதை அவர் நாலு வரியில் சொல்லிவிட்டு, துணி எடுக்கப் போய்விட்டார்.